ஃபோனிக்ஸும் ஸ்பெல்லிங்கும் ஒன்றாக: பெங்களூரில் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகள்

அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பழகுகிறோம். நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் குழந்தை இருக்கும் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஆங்கில ஸ்பெல்லிங் பற்றியும் ஃபோனிக்ஸ் பற்றியும்தான். ஃபோனிக்ஸ் என்றால் எந்த எழுத்து எந்த ஒலியைத் தரும் என்று சொல்லிக்கொடுத்து, அந்த ஒலிகளைச் சேர்த்துப் படிக்கவைக்கும் முறை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் குழந்தைக்கு, ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுப் பிள்ளையை நினைத்து எழுதிய பாடத்திட்டம் அப்படியே பொருந்தாது. அதை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

எழுத்துகளின் பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. இங்கே டீ என்றால் டீ-ஷர்ட்டின் டீ, டி என்றால் டாக்டரின் டி. பி என்று மட்டும் வந்தால் பென்சிலின் பி. பஸ்ஸின் முதல் எழுத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பஸ் பி’ என்று எழுதியிருக்கிறேன்.

ஃபோனிக்ஸை முழுதாக முடித்துவிட்டு, அப்புறம் ஸ்பெல்லிங் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

வேண்டாம். முதல் வாரத்திலிருந்தே சேர்த்துச் செய்யுங்கள். ஒலிகளைச் சேர்த்தால் படிப்பு, பிரித்தால் ஸ்பெல்லிங். நாம் பள்ளியில் செய்த ‘சேர்த்து எழுதுக, பிரித்து எழுதுக’ மாதிரி இவை ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஒரு வருடம் ஓட்டிவிட்டு மறுபக்கத்தைத் தனிப் பாடமாக ஆரம்பித்தால், குழந்தைக்கு அது புதிய சுமையாகத் தெரியும்.

பல ஃபோனிக்ஸ் திட்டங்கள் எஸ், ஏ, டீ, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆறை வைத்தே சிட், பின், டின், டேப், நேப், பேன் என்று நிறையச் சொற்கள் கட்டலாம். ‘பின்’ என்று படித்தாளா? உடனே அட்டையைக் கவிழ்த்துவிட்டு, “பின் எழுது பார்க்கலாம்” என்று கேளுங்கள். அவ்வளவுதான், ஸ்பெல்லிங் பாடம் ஆரம்பித்துவிட்டது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: இரண்டும் ஒரே வேகத்தில் போகாது. படிக்கும்போது சொல் கண்ணெதிரே இருக்கிறது. எழுதும்போது வெறும் காற்றிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் க்ளாக்மனன்ஷையர் பகுதியில் ரோனா ஜான்ஸ்டனும் ஜாய்ஸ் வாட்சனும் ஃபோனிக்ஸ் முறையில் தொடங்கிய குழந்தைகளை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2005ல் அறிக்கை வெளியிட்டார்கள். முடிவில் அந்தக் குழந்தைகள் சொற்களைப் படிப்பதில் தங்கள் வயதைவிட மூன்றரை ஆண்டு முன்னால் இருந்தார்கள். ஸ்பெல்லிங்கிலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் முன்னால்தான், ஆனால் படிப்பு அளவுக்கு இல்லை. ஆகவே உங்கள் மகள் சரளமாகப் படிக்கும் சொல்லைத் தப்பாக எழுதினால் பதற வேண்டியதில்லை.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? என் மகனுக்கு நான்கரை. பென்சிலே சரியாகப் பிடிக்க வரவில்லை.

கைக்காகக் காத்திருக்க வேண்டாம். பார்க்க வேண்டியது காதை. “மாமா என்ற சொல் எந்த ஒலியில் ஆரம்பிக்கிறது?” என்று கேட்டால் ‘ம்’ என்று சொல்கிறானா? ‘சன்’, ‘சிட்’, ‘மேப்’ மூன்றில் எது சேராதது என்று கண்டுபிடிக்கிறானா? அது வந்துவிட்டால் ஆரம்பிக்கலாம். கை தயாராகும் வரை ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த எழுத்துகள் போதும். அல்லது துண்டு அட்டையில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுத்துகளை எடுத்து வரிசையாக வைத்தாலும் ஸ்பெல்லிங்தான்.

ஒரு நாள் பாடம் எப்படி இருக்கும்?

ஐந்து வயதுக்குப் பதினைந்து நிமிடம் தாராளம். காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது.

முதலில் எழுத்தே இல்லாமல் காதுப் பயிற்சி. நீங்கள் ‘மேப்’ என்கிறீர்கள். அவள் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு விரலை நீட்டுகிறாள்: ம், ஏ, ப். மூன்று விரல். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். ஸ்பெல்லிங்கின் அடித்தளமே இதுதான். இங்கே தடுமாறும் குழந்தையிடம் நோட்டைக் கொடுத்துப் பயனில்லை.

அடுத்து, நீங்கள் ஒலியைச் சொல்ல அவள் எழுத்தை எழுதுவது. பழையதில் நாலைந்து, புதியதில் ஒன்று. சிலேட்டும் சாக்பீஸும் இதற்கு அருமை. தப்பாக எழுதினால் கையால் துடைத்துவிடலாம். நோட்டில் ரப்பர் போட்டுக் கிழியும் சங்கடம் இல்லை.

பிறகு சில சொற்களைப் படிக்கவைத்து, மூடி, அவற்றையே எழுதச் சொல்லுங்கள். பார்த்து எழுதுவது கைக்குப் பயிற்சி, ஸ்பெல்லிங்குக்கு அல்ல. இங்கே கட்டங்கள் மிகவும் உதவும். டேனியல் எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் தந்த வழி இது: எழுத்துக்கு ஒரு கட்டம் இல்லை, ஒலிக்கு ஒரு கட்டம். ‘ஷிப்’ என்ற சொல்லுக்கு நான்கு எழுத்து, ஆனால் கட்டம் மூன்று. எஸ்ஸும் ஹெச்சும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து உட்காரும். இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தரும் என்பதை எவ்வளவு பேசினாலும் புரியவைப்பது கஷ்டம். கட்டம் போட்டால் ஒரு நிமிடத்தில் புரியும்.

கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் டிக்டேஷன். அதில் இதுவரை சொல்லித்தந்த ஒலிகள் மட்டும் இருக்கட்டும். அவ்வளவுதான். “இன்னும் ஒரு பக்கம்” என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஃபோனிக்ஸ் வீடியோவில் ‘ப’, ‘ட’, ‘ம’ என்று சொல்லித்தருகிறார்கள். அது சரியா?

பாதி வீடியோக்களில் இந்தக் குறை இருக்கிறது. ஒலியோடு ஓர் ‘அ’ ஒட்டிக்கொண்டால் ‘பின்’ என்பதை ‘ப-இ-ன’ என்று சேர்க்க வேண்டியிருக்கும், அது சேராது. எழுதும்போதும் அந்த ‘அ’வுக்கு ஓர் எழுத்தைக் குழந்தை தேடும்.

இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. மெய்யெழுத்தை இக், இங், இச் என்றுதான் நாம் ஓதக் கற்றோம். முன்னால் வரும் இகரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, ஆங்கில ஃபோனிக்ஸ் கேட்கும் அதே சுத்தமான மெய்யொலி. புள்ளி வைத்த ‘ப்’, புள்ளி வைத்த ‘ம்’. அரிச்சுவடி தெரிந்த ஆயாவுக்கு இது ஒரு நொடியில் விளங்கும். வீடியோ பார்த்துக் கற்ற நமக்குத்தான் நேரமாகிறது.

தமிழ் பேசும் குழந்தைக்குக் குறிப்பாக எங்கே இடறும்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். குழந்தை எழுதும் தப்பு பெரும்பாலும் கவனக்குறைவு இல்லை. அவள் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறாள். காதில் என்ன விழுந்தது என்று பார்க்காமல் நோட்டில் சிவப்பு மை போடுவதில் பலன் கிடையாது.

முதல் இடறல், ‘கப்’. நமக்கு அதில் கேட்பது அகரம். அகரம் என்றால் எந்த எழுத்து? அம்மா, அப்பா, அக்கா, தன் பெயர் என்று ஆங்கில எழுத்தில் அவள் பார்த்த எல்லா இடத்திலும் அகரத்துக்கு ஏ. அதனால் சி-ஏ-பி என்று எழுதுவாள். அது ‘கேப்’ ஆகிவிடுகிறது. எழுத வேண்டியது சி-யூ-பி. ‘பஸ்’, ‘கட்’, ‘சன்’, ‘ரன்’ எல்லாம் இதே கதை. “ஆங்கிலத்தில் ‘அ’ கேட்டால் யூ” என்று இந்த வயதில் நேராகவே சொல்லிவிடலாம். பிறகு ‘கேப்–கப்’, ‘கேட்–கட்’, ‘ஹேட்–ஹட்’ என்று ஜோடி ஜோடியாகச் சொல்லி, எது எந்தப் பக்கம் என்று அட்டைகளைப் பிரிக்கவையுங்கள். சில வாரங்கள் இதையே செய்தாலும் வீண் இல்லை.

இரண்டாவது, ‘பேக்’கில் வரும் அந்த அகன்ற ஒலி. தமிழில் அது இல்லை. நாம் ‘பேக்கு’ என்கிறோம். குழந்தை ஏ எழுத வேண்டிய இடத்தில் ஈ எழுதிவிடும். வாயை நன்றாக அகலத் திறந்து, தாடையைக் கீழே இறக்கிச் சொல்லிக் காட்டுங்கள். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து ‘பென்’, ‘பேன்’ இரண்டையும் சொல்லவைத்தால் வாய் திறப்பில் உள்ள வித்தியாசம் அவளுக்கே தெரியும்.

மூன்றாவது, பாட்டிக்கும் பஸ்ஸுக்கும் தமிழில் ஒரே ‘ப’. நம் வாயில் அந்த வித்தியாசம் உண்டு, எழுத்தில்தான் இல்லை. சொல்லின் முதலில் குழந்தைகள் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். சொல்லின் கடைசியில்தான் சிக்கல்: ‘கேப்’பில் வருவது பென்சில் பியா, பஸ் பியா? ‘பேக்’கில் வருவது கே-யா, ஜி-யா? தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்ந்தால் பஸ் பி, ஜி, டி. அதிராவிட்டால் பென்சில் பி, கே, டீ.

வி, டபிள்யூ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘வ’. மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் வி. உதடு குவிந்தால் டபிள்யூ. இதையும் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் நம் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் உகரமும் இகரமும். பஸ்ஸு, பென்னு, இஸ்கூலு. பேச்சில் அது அழகு, அதைத் திருத்தப் போகாதீர்கள். எழுதும்போது மட்டும், ‘பஸ்’ஸுக்கு எத்தனை ஒலி என்று விரலை நீட்டச் சொல்லுங்கள். நாலு விரல் நீட்டினால் கடைசி விரலில் என்ன ஒலி என்று கேளுங்கள். பெரும்பாலும் அவளே அந்த விரலை மடக்கிவிடுவாள்.

நமக்குச் சாதகமானதும் ஒன்று உண்டு. தென்கிழக்கு இங்கிலாந்தில் ‘கார்’, ‘ஃபார்ம்’ போன்ற சொற்களில் ஆர் ஒலிப்பதில்லை. அங்கே குழந்தை அதை எழுத மறந்துவிடும். நாம் ஆரை வாய் நிறையச் சொல்கிறோம், அதனால் எழுதும்போது விட்டுப்போகாது. நம் உச்சரிப்பை வெட்கப்பட்டு மாற்ற வேண்டாம்.

தன் பெயரை எழுதத் தெரியும், ஆனால் அது ஃபோனிக்ஸுக்கு ஒத்துவரவில்லை என்கிறாள். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். லதா என்று எழுத எல்-ஏ-டீ-ஹெச்-ஏ. இதில் டீயும் ஹெச்சும் சேர்ந்து நம் ‘த’. நம் ஊர்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுத நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு வேறு, ஆங்கிலச் சொற்களின் ஏற்பாடு வேறு.

இதைப் பழக நம்ம மெட்ரோவே நல்ல பாடசாலை. பர்ப்பிள் லைனில் ஹலசூரு ஸ்டேஷன் பலகையைப் பாருங்கள்: ஹெச்-ஏ-எல்-ஏ-எஸ்-யூ-ஆர்-யூ. இங்கே ஏ அகரம், யூ உகரம். ‘கப்’பில் யூ அகரம். ஆறு வயதுக் குழந்தை இதைப் பிடித்துக்கொண்டால், அடுத்தடுத்த பலகையில் “இது நம்ம ஊர் ரூல், இது இங்கிலீஷ் ரூல்” என்று தானே பிரிக்க ஆரம்பிப்பாள். அதே பலகையில் கன்னடமும் இருப்பதால், சரியான உச்சரிப்பையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாமா? குழம்பிவிடாதா? கன்னடம் வேறு இருக்கிறது.

கற்றுக்கொடுங்கள். தமிழை ஒத்திப்போட்டால் பெங்களூரில் அது ஒத்திப்போனதாகவே நின்றுவிடும். சுற்றிலும் அதை நினைவூட்ட ஒரு பலகைகூடக் கண்ணில் படாத தெருக்கள்தான் அதிகம்.

தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் அமைப்பிலேயே வேறுபாடு. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247. எண்ணிக்கை அதிகம், ஆனால் அமைப்பு ஒழுங்கானது. ஆங்கிலத்தில் எழுத்து 26தான், ஒலிகளோ சுமார் 44. எண்ணிக்கை குறைவு, ஒழுங்கும் குறைவு. பெங்களூரிலிருந்து இயங்கும் ப்ராமிஸ் ஃபவுண்டேஷனின் சோனாலி நாக் 2007ல் கன்னடம் படிக்கும் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இங்கே நமக்கு உதவுகிறது. எழுத்துகள் அனைத்தும் கைவர முதல் வகுப்பைத் தாண்டிப் பல காலம் ஆகிறது, தனித்தனி ஒலியைப் பிரித்தறியும் திறனும் மெதுவாகத்தான் வருகிறது என்று அதில் தெரிந்தது. ‘கா’ என்பது கண்ணுக்கு ஒரே எழுத்து. அதற்குள் க் என்றும் ஆ என்றும் இரண்டு ஒலி இருப்பதை எழுத்து பிரித்துக் காட்டுவதில்லை. தமிழுக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். ஆகவே தமிழை முதலில் கற்ற குழந்தை ஆங்கிலத்தில் ‘கேட்’டை இரண்டாகப் பிரித்தால் (கே, ட்) அது மந்தம் இல்லை. அவளுக்குத் தெரிந்த எழுத்து அப்படித்தான் பிரிகிறது. க், ஏ, ட் என்று மூன்றாகப் பிரிக்க விரலை வைத்துப் பழக்குங்கள்.

கன்னடம் இன்னும் நல்லது. அதில் பாட்டியின் ‘ப’வுக்கும் பஸ்ஸின் ‘ப’வுக்கும் தனி எழுத்து இருக்கிறது. கன்னடம் எழுதத் தெரிந்த எங்கள் குழுப் பிள்ளைகள் பென்சில் பி, பஸ் பி குழப்பத்தைச் சீக்கிரமே தாண்டினார்கள்.

இரண்டு மொழியிலும் ஒரே நாளில் புது எழுத்து மட்டும் வேண்டாம். ஒன்றில் புதிது, மற்றதில் பழசு.

தாத்தா உட்காரவைத்து “சி-ஏ-டீ கேட், ஆர்-ஏ-டீ ரேட்” என்று மனப்பாடம் செய்யவைக்கிறார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

சொல்லவும் வேண்டாம். பேரப்பிள்ளையோடு உட்காரும் தாத்தாவை எழுப்பிவிடும் அளவுக்கு எந்த ஃபோனிக்ஸும் பெரியதில்லை. எழுத்துகளின் பெயரும் ஒருநாள் தெரிந்துதானே ஆக வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். அர்த்தம் புரியாமல் எழுத்துப் பெயரை ஓதினால், ஓதாத சொல் வரும்போது குழந்தை திகைத்து நிற்கும். அதனால், “தாத்தா, அவள் ஒலியைப் பிரித்து எழுதி முடித்த சொற்களை மட்டும் நீங்கள் வாயால் ஒப்பிக்கவையுங்கள்” என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே புரிந்த சொல்லை வாய்விட்டுச் சொல்வது நினைவில் நிற்க உதவும். கதை சொல்வதும் ஆத்திசூடி சொல்லித்தருவதும் தாத்தாவிடமே இருக்கட்டும். அதை நம்மைவிட அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள்.

தப்பாக எழுதினால் திருத்தவா, விடவா?

எழுத்தில் இரண்டு வகை உண்டு. பாடத்தில் எழுதுவது ஒன்று, தானாக ஆசைப்பட்டு எழுதுவது மற்றது. அப்பாவுக்குக் கடிதம், கடை விளையாட்டில் விலைப்பட்டியல், படத்துக்குக் கீழே ஒரு வரி: இவை இரண்டாம் வகை. அங்கே கை வைக்காதீர்கள். ‘எலிஃபன்ட்’ எழுதத் தெரியாமல் ‘கேட்’ என்று எழுதிவிட்டுப் போகும் குழந்தையைவிட, ஈ-எல்-ஐ-எஃப்-என்-டீ என்று துணிந்து எழுதும் குழந்தை அதிகம் கற்கிறாள்.

சார்ல்ஸ் ரீட் என்ற மொழியியலாளர் 1971ல், பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய அமெரிக்கக் குழந்தைகள் தாமாகவே எழுதிய ஸ்பெல்லிங்குகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். ‘ட்ரக்’ என்பதற்குச் சில குழந்தைகள் சி-ஹெச்-ஆர் என்று தொடங்கினார்கள். ‘ட்ரக்’ என்று நீங்களே வேகமாகச் சொல்லிப் பாருங்கள், முதலில் ‘ச்’ சாயல் கேட்கும். பெரியவர்கள் கவனிக்காததை அந்தக் காது கவனித்திருக்கிறது. குழந்தையின் தப்புகளை ஆய்வுப் பொருளாக எடுத்துப் பார்க்கலாம் என்று அந்த வேலையிலிருந்து பலரும் கற்றுக்கொண்டார்கள்.

பாடத்தில் எழுதுவதைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். ஆனால் சொல்லித்தந்ததை மட்டும். “தப்பு” என்பதற்குப் பதில், “நீ எழுதியதைப் படித்துக் காட்டு” என்று கேளுங்கள். சி-ஏ-பி என்று எழுதியவள் ‘கேப்’ என்று படித்துவிட்டு, “ஐயோ, நான் கப் எழுதணும்” என்று தானே மாற்றுவாள்.

விதிகள் எல்லாம் சொல்லித்தர வேண்டுமா? ஆங்கிலத்தில்தான் எல்லாவற்றுக்கும் விதிவிலக்கு இருக்கிறதே.

இந்தக் குற்றச்சாட்டு கொஞ்சம் மிகை. ஸ்டான்ஃபோர்டில் பால் ஹன்னாவும் குழுவினரும் 1966ல் 17,000க்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். ஒலியையும் சொல்லில் அதன் இடத்தையும் வைத்தே ஏறக்குறைய பாதிச் சொற்கள் முழுதும் சரியாக வந்தன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஒரு தப்போடு வந்தன. ஒழுங்கு இருக்கிறது. கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

சிறு குழந்தைக்கு நான் சொல்லித்தருபவை சிலதான். ‘க்’ ஒலிக்கு ஏ, ஓ, யூ முன்னால் சி. ஈ, ஐ முன்னால் கே. அதனால்தான் ‘கேட்’டுக்கு சி, ‘கிட்’டுக்கு கே. குறில் உயிருக்குப் பின்னால், ஓரசைச் சொல்லின் கடைசியில் வந்தால் சி-கே: டக், பேக், சாக். நெடிலுக்குப் பின்னாலோ இன்னொரு மெய்க்குப் பின்னாலோ வந்தால் கே மட்டும்: மில்க், புக், பைக் (‘புக்’ இன்று குறிலாக ஒலித்தாலும், அதில் இரண்டு ஓ இருப்பதால் இந்தக் கூட்டத்தோடு போகிறது). குறிலுக்குப் பின்னால் எஃப், எல், எஸ் மூன்றும் இரட்டிக்கும்: ஆஃப், பெல், மிஸ். ‘பஸ்’, ‘யெஸ்’, ‘கேஸ்’ இதற்கு அடங்காது. அவற்றை ஒரு தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஆங்கிலச் சொல் வியில் முடியாது, கூடவே ஓர் ஈ வரும்: ஹேவ், கிவ். ஐயிலும் பொதுவாக முடியாது. அதனால் ‘ரெயின்’ நடுவில் ஏ-ஐ, ‘டே’ கடைசியில் ஏ-ஒய்.

விதியை முதலில் சொல்லாதீர்கள். டக், மில்க், பேக், புக், சாக், பைக் என்று அட்டைகளைக் கொட்டி, “ஏன் சிலதில் சி-கே, சிலதில் வெறும் கே?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போங்கள். அவளே கண்டுபிடித்தது மறக்காது.

‘செட்’, ‘வாஸ்’, ‘தி’ மாதிரிச் சொற்கள் எந்த விதியிலும் வரவில்லையே. மனப்பாடம்தானா?

சொல் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘சொன்னாள்’ என்று பொருள்படும் ‘செட்’டை எடுத்துக்கொள்ளுங்கள்: எஸ்-ஏ-ஐ-டி. எஸ் ஒழுங்காக இருக்கிறது, டி ஒழுங்காக இருக்கிறது. நடுவில் ஏ-ஐ மட்டும்தான் சொன்னபடி கேட்கவில்லை. அந்த இரண்டு எழுத்தை மட்டும் கலர் பென்சிலில் எழுதி, அதை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று சொல் போதும்.

‘நைஃப்’பில் கே எதற்கு? கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஒரு காலத்தில் அதை உச்சரித்தார்கள். வில்லியம் கேக்ஸ்டன் 1476ல் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தபின் எழுத்து மெல்ல மெல்ல ஒரு வடிவத்தில் நிலைத்தது, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. ‘க்னைஃப்’ என்று சொல்லிக் காட்டுங்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே எழுதினால் கே விட்டுப்போகாது.

வாரா வாரம் ஸ்பெல்லிங் டெஸ்ட் வைக்கலாமா?

பத்துச் சொல் கொடுத்து வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைத்தால் பத்துக்குப் பத்து வாங்குவாள், திங்கட்கிழமை மறந்திருப்பாள். சம்பந்தமில்லாத பத்துச் சொல்லைவிட ஒரே அமைப்பில் வரும் ஆறு சொல் மேல். டெஸ்ட்டைவிட தினம் ஒரு வாக்கியம் டிக்டேஷன் மேல். சென்ற மாதம் எழுதிய சொல்லை இந்த மாத வாக்கியத்தில் நுழையுங்கள்.

பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கா, அமெரிக்கனா?

பிரிட்டிஷ். நம் பாடநூல்களும் பத்திரிகைகளும் அதில்தான் இருக்கின்றன. ஆப் வேறு மாதிரிக் காட்டினால், இரண்டும் சரி, நாம் இப்படி எழுதுவோம் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

புத்தகம் எங்கே வாங்குவது? எல்லாம் விலையாக இருக்கிறது.

சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகளில் குழந்தைகள் பகுதியைப் பொறுமையாகத் துழாவுங்கள். வெளிநாட்டுப் பள்ளிகளின் ஆரம்ப வாசிப்புப் புத்தகங்கள் குறைந்த விலைக்கு அகப்படும். கப்பன் பார்க்கில் குழந்தைகள் நூலகம் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ப்ரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் கதைகள் இலவசம். அவை ஃபோனிக்ஸ் வரிசைப்படி எழுதியவை அல்ல, அதனால் நீங்கள் வாசித்துக் காட்டப் பயன்படுத்துங்கள். ஃபோனிக்ஸ் வரிசையில் வேண்டுமென்றால், தெரிந்த ஒலிகளை வைத்து நீங்களே நாலு வரிக் கதை எழுதிவிடலாம். தன்னைப் பற்றிய கதை என்றால் எந்தக் குழந்தையும் படிக்கும்.

நாளைக்குத் தேர்வு எழுத வேண்டுமே, பின்தங்கிவிட மாட்டானா?

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதக் குறைந்தபட்ச வயது 14. ஆறு வயதுக் குழந்தையின் ஸ்பெல்லிங்கை அந்தத் தேர்வோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

எப்போது கவலைப்பட வேண்டும்?

பஸ் பியையும் டியையும் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை சகஜம். அதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். ஒழுங்காகப் பல மாதம் சொல்லிக்கொடுத்தும் மூன்று ஒலியுள்ள சொல்லைப் பிரிக்க முடியவில்லை, நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை, தமிழிலும் அதே தடுமாற்றம், குடும்பத்தில் வேறு யாருக்கோ படிப்பதில் சிரமம் இருந்திருக்கிறது: இவை சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். முதலில் காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள். காதில் சளி அடைத்து ஒலி மங்கலாகக் கேட்கும் குழந்தைகள் நிறைய. அடுத்து, பெங்களூரிலேயே உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ். கற்றல் குறைபாட்டை மதிப்பிட அங்கே உருவாக்கிய சோதனைத் தொகுப்பையே நாட்டில் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது, எனவே பின்னாளில் தேர்வுச் சலுகைகளுக்கும் அந்தச் சான்று உதவும். எந்த மொழி எவ்வளவு நாளாகக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று மதிப்பிடுபவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ்க் காதுக்கு இயல்பான குழப்பத்தையும் குறைபாட்டையும் அவர் பிரித்துப் பார்க்க அது வேண்டும்.

ஃபோனிக்ஸ் எப்போது முடியும்?

தனிப் பாடமாக ஏழு, எட்டு வயதில் பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் பிறகு ஒலியைவிடப் பொருள் அதிகம் உதவும். ‘ஜம்ப்ட்’, ‘ப்ளேய்ட்’, ‘வான்டெட்’ மூன்றிலும் கடைசி ஒலி வேறு வேறு, ஆனால் நடந்து முடிந்தது என்ற பொருள் ஒன்று, ஆகவே எழுத்தும் ஒன்று: ஈ-டி. ‘கேட்ஸ்’, ‘டாக்ஸ்’ இரண்டின் கடைசி ஒலியும் வேறு, எழுத்து எஸ்தான்.

‘சைன்’ என்ற சொல்லில் ஒலிக்காத ஜி எதற்கு என்று கேட்டால், ட்ரினிட்டி சர்க்கிளில் வண்டி நிற்கும்போது ‘சிக்னல்’ என்ற சொல்லை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜி அங்கே வாய்விட்டு ஒலிக்கிறது. எண் இரண்டைக் குறிக்கும் ‘டூ’வில் ஒலிக்காத டபிள்யூ, ‘ட்வின்’, ‘ட்வெல்வ்’, ‘ட்வென்ட்டி’ மூன்றிலும் ஒலிக்கும். இப்படி வாரத்துக்கு ஒரு சொல் குடும்பத்தை எடுத்து ஒரு பக்கத்தில் எழுதவையுங்கள். இதற்குத் தனி நோட்டு போட்டுவிடுங்கள், பத்து வயது வரை அதே நோட்டைத் தொடரலாம்.